கற்பித்துக் கற்ற வேதியியல்

வேதியியலின் வரலாற்றை எழுதுவோர் ஆய்வுக்கூடங்களைப் பற்றியே மிகுதியாக எழுதுவர். அவ்வறிவியல் வளர்ந்ததில் பள்ளி வகுப்பறைக்கும் பங்குண்டு என்பதை நம் இளைஞர்கள் அறிதல் நலம்.

அணுக் கொள்கையை 1808இல் நூலாக வெளியிட்ட ஜான் டால்டன், 1766இல் இங்கிலாந்தின் கம்பர்லாந்துப் பகுதியில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே தம் ஊரில் பள்ளி நடத்தினார். அவர் குடும்பம் குவேக்கர் என்னும் சமயப் பிரிவைச் சார்ந்தது. அரசு ஏற்ற திருச்சபையைச் சாராதோர் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் பெற இயலாத காலம் அது. அக்கதவு மூடியிருந்தமையால் அவர் பிறர்க்குக் கற்பித்துக்கொண்டே தாமும் கற்றார். 1793இல் மான்செஸ்டர் சென்ற பின்னரும் கற்பித்தலே அவரது பிழைப்பாக இருந்தது. பிறப்பைக் காட்டிக் கல்வி மறுக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இச்செய்தி அந்நியமானதன்று.

மாணவரே கற்பிக்கும் முறை இங்கிலாந்தில் பரவியதற்கு நம் சென்னை நகரமும் ஒரு காரணமாகும். 1789இல் எழும்பூர் அனாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரு பெல், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அவ்வழக்கத்தைத் தம் பள்ளியிற் புகுத்தி, மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்குமாறு செய்தார். 1797இல் இலண்டனில் அவர் அதனை நூலாக வெளியிட, அது ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. மணலில் எழுதக் கற்பித்த திண்ணைப் பள்ளிகளுள் பெரும்பாலானவற்றில் நம் முன்னோர்க்கு இடமில்லை என்பதையும் வரலாறு மறைத்தலாகாது.

1846இல் இங்கிலாந்து அரசு பதின்மூன்று வயது மாணவரை ஐந்தாண்டுகள் பயிற்சி ஆசிரியராக அமர்த்தும் திட்டத்தை வகுத்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் மேற்கல்வியை எட்டுதற்கு அமைந்த ஒரு சில ஏணிகளுள் அதுவும் ஒன்று. 1890 முதல் ஆசிரியர் பயிற்சி பல்கலைக்கழகங்களோடும் இணைந்தது. ஆயினும் வேதியியல் பட்டத்திற்குப் பயிலும் மாணவர், அப்படிப்பின் பகுதியாகவே பள்ளி சென்று கற்பித்தல் என்பது நெடுங்காலம் வழக்கத்தில் இல்லை.

அந்நிலையை மாற்றிய முயற்சிகளுள் ஒன்று 2002இல் பிறந்தது. பஞ்சாபிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனான சைமன் சிங் என்னும் அறிவியல் நூலாசிரியரும், ஹ்யூ மேசன் என்பவரும் இளங்கலை மாணவர் தூதுவர் திட்டத்தைத் தொடங்கினர். சிங் 1987இல் நம் நாட்டின் டூன் பள்ளியில் அறிவியல் கற்பித்தவர். அதே 2002இல் சர் காரெத் ராபர்ட்ஸ் அரசுக்களித்த அறிக்கை, வேதியியல் முதலிய பாடங்களைப் பயில்வோர் குறைந்துவருவதை எடுத்துக் காட்டியது. பல்கலைக்கழக மாணவர் பள்ளி ஆசிரியர்க்குத் துணை நிற்க ஏற்பாடு வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. 2004இல் எக்ஸிட்டர் பல்கலைக்கழகம் தன் வேதியியல் துறையை மூடுவதாக அறிவித்தது. நோபல் பரிசு பெற்ற வேதியியலறிஞர் ஹாரி குரோட்டோ, அப்பல்கலைக்கழகம் தமக்களித்த மதிப்புறு பட்டத்தைத் திருப்பியளித்து எதிர்ப்புக் காட்டினார். பள்ளியில் ஆர்வம் குன்றினால் பல்கலைக்கழகமும் தளரும் என்பதை அந்நாடு இவ்வாறு உணர்ந்தது.

திட்டம் நடைபெற்ற முறை எளியது. மாணவர் முதலில் குறுகிய பயிற்சி பெறுவர். பின்னர் வாரம் அரை நாள் வீதம் ஏறத்தாழப் பத்து வாரங்கள் ஒரு பள்ளிக்குச் செல்வர். தொடக்கத்தில் வகுப்பைக் கவனிப்பர். அடுத்துச் சிறு குழுக்களுக்கு உதவுவர். இறுதியில் தாமே ஒரு பாடத்தையோ செய்முறையையோ வகுத்து நடத்துவர். வகுப்பின் பொறுப்பு ஆசிரியரிடமே இருக்கும். மாணவர் எழுதும் நாட்குறிப்பு, அறிக்கை, ஆசிரியரின் கருத்து ஆகியவற்றைக் கொண்டு பட்டப் படிப்பிற்குரிய மதிப்பெண் வழங்கப்படும்.

இதனால் விளையும் பயன் இருபாலதாகும். நீரில் கரைந்த உப்பு எங்கே போயிற்று என்று ஒரு குழந்தை கேட்பதாகக் கொள்வோம். சமன்பாடு அறிந்த மாணவர்க்கும் அங்கே சமன்பாடு உதவாது. 100 கிராம் நீரில் 10 கிராம் உப்பைக் கரைத்து, எடை 110 கிராமாக நிற்பதைத் தராசில் காட்ட வேண்டும். காட்டும்போது தம் அறிவின் அடித்தளம் உறுதியானதா என்பதை அவரே சோதித்துக் கொள்கிறார். குழந்தைக்கோ, தன்னினும் சில வயதே மூத்த ஒருவர் அறிவியல் பயில்வதைக் காணும்போது, அப்படிப்பு தனக்கும் உரியதே என்னும் துணிவு பிறக்கிறது. குடும்பத்தில் எவரும் கல்லூரி காணாத குழந்தைக்கு இத்துணிவு பாடநூலினும் பெரிது.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஏழைப் பிள்ளைகள் பயிலும் பள்ளியில் தகுதி பெற்ற ஆசிரியரை அமர்த்தாமல், மாணவரை அனுப்பிக் குறையை மூடுவது அநீதியாகும். துணைவர் ஆசிரியர்க்கு மாற்றாகார்.

நம் சமுதாயத்தில் இன்று வேதியியல் பயிலும் இளைஞர்கள் உளர். தலைமையாசிரியரின் இசைவு பெற்று, அருகிலுள்ள பள்ளிக்கோ மாணவர் விடுதிக்கோ வாரம் இரண்டு மணி நேரம் அவர்கள் அளிப்பாராக. அவர்தம் கல்வி குறையாது, ஆழப்படும். நம் பிள்ளைகளுக்கோ நேற்றுவரை மூடியிருந்த கதவொன்று திறக்கும்.