மிசிசிப்பி: மாதிரியும் பின்ஹூக் கிராமமும்

'கணினி மாதிரி' என்றதும் அதை யார் பக்கமும் சாயாத கணக்காக ஒப்புக்கொள்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. மிசிசிப்பி ஆற்றின் வரலாற்றைப் படித்தபோதுதான் அது ஆட்டங்கண்டது.

1927 பெருவெள்ளத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைக் காப்பாற்ற, கார்னார்வனில் கரையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தண்ணி பக்கத்து மாவட்டங்களின் எளிய மக்கள்மேல் பாய்ந்தது. மேலே கிரீன்வில்லில், வாரத்துக்குப் பயிர்செய்த கறுப்பின விவசாயிகளைக் கரைமேட்டு முகாம்களில் வைத்துத் துப்பாக்கிக் காவலில் வேலை வாங்கினார்கள். மறுவருடம் வந்த வெள்ளத் தடுப்புச் சட்டம், மிசௌரி மாநிலத்தில் சுமார் 1,30,000 ஏக்கரை ஆபத்துக் காலத்தில் வெள்ளத்தைத் திருப்பிவிடும் பள்ளமாக ஒதுக்கியது.

1943இல் ராணுவப் பொறியாளர் படை இந்த ஆற்றுப் படுகையையே கிளின்டன் அருகே சுமார் 200 ஏக்கரில் கான்கிரீட் மாதிரியாகக் கட்டத் தொடங்கியது. உழைத்தவர்கள் ஜெர்மன் போர்க்கைதிகள். 1952 மிசௌரி வெள்ளத்தின்போது, அதில் தண்ணி விட்டுப் பார்த்துத்தான் கரைகளை எங்கே உயர்த்துவது என்று சொன்னார்கள். 1964இல் இதே படை கலிபோர்னியாவில் நீரியல் பொறியியல் மையத்தைத் தொடங்கியது. அதன் மென்பொருள்கள் வளர வளர, கான்கிரீட் ஆறு கைவிடப்பட்டது. 1995இல் 'ஹெக்-ராஸ்' வந்தது.

ஆற்றின் குறுக்குவெட்டு, நீரின் அளவு, படுகையின் சொரசொரப்பு ஆகியவற்றைக் கொடுத்தால் ஹெக்-ராஸ் நீர்மட்டத்தைச் சொல்லும். சொரசொரப்பு நேரடியாக அளந்த எண் அல்ல. பொறியாளர் அனுபவத்தில் ஊகித்து, பழைய வெள்ளத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது. சேதத்தைக் கணக்கிட இதே மையத்தின் வேறொரு மென்பொருள்: அது கட்டடத்தின் விலையை டாலரில் எண்ணும். அப்போ குடிசை மூழ்கினால் நஷ்டம் குறைவு!

2011 மே 2. கெய்ரோ நகரில் ஆறு 61 அடியைத் தாண்டும் என்றது முன்கணிப்பு. அன்றிரவு பேர்ட்ஸ் பாயின்ட் கரையை வெடிவைத்து உடைத்தார்கள். உள்ளேயிருந்த பின்ஹூக் அழிந்தது. 1940களில், வேறெங்கும் நிலம் வாங்க வழியில்லாத கறுப்பின விவசாயிகள் அந்தப் பள்ளத்தில் நிலம் வாங்கி உருவாக்கிய ஊர் அது. தப்பிய கெய்ரோவிலும் பெரும்பான்மையினர் கறுப்பின மக்களே. ஆகவே இதை வெறும் நிறக் கணக்காகச் சுருக்கவும் முடியாது.

கணிப்பு தப்பவில்லை. ஆனால் அது சொன்னது எப்போது என்பதை மட்டும். யார் நிலத்தில் என்பதை 1928 சட்டமும், பின்ஹூக்காரர்களைப் பள்ளத்துக்குத் தள்ளிய நிலச்சந்தையும் முன்பே தீர்மானித்துவிட்டன. ஹெக்-ராஸ் இலவசமாகவே கிடைக்கிறது. வெள்ள வரைபடத்தைக் காட்டி 'காலி பண்ணு' என்று ஒரு குடியிருப்புக்குச் சொல்லும்போது, உள்ளே போட்ட எண்கள் யாருடையவை, நஷ்டத்தை எதனால் அளந்தார்கள் என்று நாம் கேட்டாக வேண்டும். எண்களைக் காட்டாத வரைபடத்துக்கு யாரும் வீட்டைக் காலிசெய்ய வேண்டியதில்லை என்பதே என் நிலைப்பாடு.