அடைமொழியும் ஆடுகளமும்: அல்சூர் வட்டாரக் கால்பந்தும் இன வருணனை மரபும்

பெயர்க்கு முன் நிற்கும் அடையை இனமுள்ள அடை, இனமில்லா அடை என இரு வகைப்படுத்துவது தமிழ் இலக்கண மரபு. வெண்டாமரையும் உண்டாதலின் செந்தாமரை என்பதில் அடை பிரித்துக் காட்டுகிறது. செஞ்ஞாயிறு என்பதிலோ பிரித்தற்கு இனமின்றி இயல்பைச் சுட்டி நிற்கிறது. கால்பந்து வீரரைப் பற்றிய ஊடக வருணனைகளை ஆராய்வார்க்கு இப்பாகுபாடு பெரிதும் துணை செய்யும். 'விரைவான ஆட்டக்காரர்' என்பது ஒருவரை மற்றவரினின்று பிரித்துக் காட்டும் அடை. அதுவே கறுப்பின வீரர்க்கெல்லாம் வழங்கும்போது செஞ்ஞாயிற்றின் செம்மை போல, அவர்தம் பிறவிக் குணமாகிவிடுகிறது. முயன்று பெற்ற திறன் அங்கே மறைகிறது.

இது வெறும் ஊகமன்று. 2019-20 பருவத்தில் இங்கிலாந்து, இத்தாலி, ஸ்பெயின், பிரான்சு ஆகிய நான்கு நாடுகளின் முதனிலைப் போட்டிகளுள் 80 ஆட்டங்களின் ஆங்கில வருணனையை ரன்ரிப்பீட் என்னும் நிறுவனம் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டது. 2,073 கூற்றுகள் அதில் பகுக்கப்பெற்றன. அறிவுத்திறனைப் பாராட்டிய கூற்றுகளுள் 62.60 விழுக்காடு வெளிர்நிற வீரர்களைப் பற்றியன. அத்திறனைக் குறைகூறியவற்றுள் 63.33 விழுக்காடு கருநிற வீரர்களைப் பற்றியன. உடல்வலிமை பற்றிப் பேசுங்கால் கருநிற வீரர் சுட்டப்படும் வாய்ப்பு 6.59 மடங்கு மிகுதி. சிந்திப்பது ஒரு நிறத்தார்க்கும், ஓடுவது மற்றொரு நிறத்தார்க்கும் எனப் பங்கிடப்பட்டுவிட்டது எனலாம்.

இப்பங்கீட்டின் பழைய வடிவத்தைக் காண ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையிலேயே காணலாம். 1780இல் வேர்கொண்ட மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் மையம் இங்குள்ளது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும், பின்னர் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைவராகவும் இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போர்க்குணம் இழந்தவர் என்னும் கருத்தினர். 'போர்க்குடி' என்னும் அக்கோட்பாட்டினால் சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் பல குறைக்கப்பட்டன. 'தம்பி' என அழைக்கப்பெற்ற பொறியாளர் படை வீரரோ தம் பணித்திறத்தால் நிலைபெற்றனர். ஒரு மக்கட் கூட்டத்தின் உடலைப் பார்த்து அதன் உள்ளத்தை அளந்த இந்நோக்கே விளையாட்டு எழுத்திலும் தொடர்ந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 1911 சூலை 29இல் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்சயர் படையணியை 2-1 என வென்றபோது மக்கள் கொண்ட பெருமிதத்திற்கும், வங்காளியர் ஆண்மையற்றவர் என்ற ஆங்கிலேயர் பழிப்புரை ஒரு காரணம்.

பெங்களூருக் கன்டோன்மென்டின் கால்பந்து இப்பின்னணியில் வளர்ந்தது. 1948 சூலை 31இல் இலண்டனை அடுத்த இல்ஃபோர்டில் பிரான்சுக்கு எதிராக இந்தியா ஆடிய ஒலிம்பிக் ஆட்டத்தில், இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி இராமன். இரண்டு பெனால்டிகள் வீணாயின; ஆட்டம் 1-2 எனத் தோல்வியில் முடிந்தது. ஆயினும் இன்றளவும் பெரிதும் பேசப்படுவது கோலன்று, வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடியமையே. தாங்கள் ஆடுவது ஃபுட்பால், மற்றவர் ஆடுவது பூட்பால் என்று அணித்தலைவர் டி. ஆவ் விடையிறுத்ததாகக் கூறுவர். தம்மை வேடிக்கைப் பொருளாக்கிய நோக்கினைச் சொல்லாலேயே திருப்பிய விடை அது.

அவ்வணியில் ஆடிய பெங்களூர் அகமது கானுக்கு (1926-2017) வழங்கிய பட்டப்பெயர் 'பாம்பாட்டி' என்பதாகும். எதிராளியை ஏமாற்றி உடலை வளைத்துப் பந்தைக் கடத்தும் அவர்தம் ஆற்றலைப் புகழ எழுந்த பெயர்தான். அன்பும் அதில் உண்டு. எனினும் மேலைநாட்டார் கண்ணில் இந்தியா என்றவுடன் தோன்றும் படங்களுள் பாம்பாட்டியும் ஒன்று. கற்ற திறன் கீழைநாட்டு மாயமாகிவிடுகிறது. (சித்தர் மரபறிந்த தமிழர்க்கு இச்சொல் தரும் பொருளே வேறு; பாம்பாட்டி இங்கு ஞானி.) 1952 எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 எனத் தோற்றபோது அந்த ஒரு கோலும் அவருடையது. கல்கத்தா இரசிகர் சூட்டிய பெயரை இதனோடு ஒப்பிடுதல் தகும். ஈஸ்ட் பெங்கால் அணியில் அகமது கான், வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், சாலே ஆகிய தென்னாட்டார் ஐவரும் 'பஞ்ச பாண்டவர்' எனப்பட்டனர். ஒருங்கிணைந்து செயற்படும் அறிவுடையோர் என்ற மதிப்பு இப்பெயரில் உள்ளது. பாம்பாட்டியில் அது இல்லை.

அல்சூரை ஒட்டிய கௌதமபுரம், முன்னர் கன் ட்ரூப் எனப்பட்ட பகுதி. தமிழ் பேசும் தலித் மக்கள் மிகுதியாக வாழும் இவ்விடத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோருடன் பெலேவுக்கும் சிலை உண்டு. (இதே அல்சூரில் 1991இல் நிறுவப்பெற்ற வள்ளுவர் சிலை திறப்பு விழாக் காண 2009 ஆகஸ்டு 9 வரை காத்திருந்தது.) நாளிதழ்கள் இப்பகுதியைக் 'குட்டி பிரேசில்' என்கின்றன. இப்பெயர் இரு பொருள்படும். எழுதுவோர் அதில் காண்பது பெரும்பாலும் வறுமையில் தானே முளைத்த திறமையை. அப்பகுதியினர் பெலேவை அம்பேத்கர் அருகே நிறுத்தியதிலோ வேறொரு வாசிப்பு வெளிப்படுகிறது: இழிவுபடுத்தப்பட்ட உடலுக்கு மதிப்பு மீட்டவர் அவர்.

பெலேவின் வரலாறும் இவ்வாசிப்புக்கே சான்று பகர்கிறது. அவர் தந்தை தொந்தினோ கால்பந்து வீரர். பயிற்றுவித்த வால்டெமார் டி பிரித்தோ 1934 உலகக்கோப்பையில் ஆடியவர். 1950 இறுதியாட்டத்தில் உருகுவேயிடம் பிரேசில் தோற்றபோது பழி பெரிதும் பார்போசா உள்ளிட்ட கறுப்பின வீரர் மீதே விழுந்தது. 1958இல் அணியின் உளவியலாளர் கர்வால்யாயிஸ், 17 வயதுப் பெலே மனமுதிர்ச்சியற்றவர், ஆடத் தகாதவர் என அறிக்கையளித்தார். பயிற்சியாளர் பியோலா அதனைப் பொருட்படுத்தவில்லை. பெலே அத்தொடரில் 6 கோல்கள் அடித்தார்; சுவீடனுக்கு எதிரான இறுதியாட்டத்தில் மட்டும் 2.