தாடி, அக்குள், புருவம்

1937 ஜனவரி 30. லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த 'நியூ ஸ்டேட்ஸ்மன்' வார இதழில் ஒரு கடிதம் வெளியானது. கையெழுத்திட்டவர்கள் மூன்று பேர்: கவிஞரும் பத்திரிகையாளருமான சார்லஸ் மேட்ஜ், ஆவணப்படக்காரர் ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ், பறவைகளை எண்ணப் போய் மானுடவியலுக்குள் வந்துசேர்ந்த டாம் ஹாரிசன். தங்கள் நாட்டு மக்களைத் தாங்களே ஆராயப் போகிறோம், தன்னார்வலர்கள் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எதையெல்லாம் ஆராய்வது என்பதற்கு ஒரு பட்டியலும் இருந்தது. போர் நினைவுச் சின்னத்தின் முன் மக்கள் நடந்துகொள்ளும் விதம், வண்டியோட்டிகளின் கூச்சலும் சைகையும், யூத வெறுப்பு, ஆபாச ஜோக்குகள் பரவும் வழி. இவற்றுக்கு நடுவே ஒரே வரியில் தாடி, அக்குள், புருவம். அப்புறம், சாப்பாட்டு விஷயத்தில் பெண்களுக்குள்ள விலக்குகள்.

'இதையெல்லாமா ஆராய்ச்சி பண்ணுவாங்க?' என்று யாருக்கும் தோன்றும். எனக்கு இந்தப் பட்டியலில் பிடித்ததே அந்த உடம்பு வரிகள்தான். 'உடல் பிம்பம்' என்பது அப்போதுதான் மனநல மருத்துவர்களின் மேசையில் உருவாகிக்கொண்டிருந்த ஒரு கருத்து. பால் ஷில்டர் அதைப் பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்டது 1935-இல். இரண்டே வருஷத்தில் மூன்று இளைஞர்கள் அதே விஷயத்தை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுவந்து, பஸ்ஸிலும் மதுக்கடையிலும் மக்கள் தங்கள் உடம்பைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று மக்களையே கேட்டு எழுதச் சொல்கிறார்கள். அவர்கள் ஷில்டரைப் படித்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

இயக்கத்தின் பெயர் 'மாஸ் அப்சர்வேஷன்'. அதன் வேர் ஒரு பறவையிடம் இருக்கிறது என்பது சுவாரசியம். 1931-இல் ஹாரிசன் நண்பர் ஒருவரோடு சேர்ந்து பிரிட்டன் முழுக்கக் கொண்டை முக்குளிப்பான்களைக் கணக்கெடுத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மனிதர்கள் தங்கள் ஊர் ஏரி குளங்களைப் பார்த்து எழுதி அனுப்பினார்கள். பிறகு அவர் பசிபிக்கில் மலேகுலா தீவுக்குப் போய் அங்குள்ள மக்களோடு வாழ்ந்தார். திரும்பி வந்தவருக்குத் தோன்றிய கேள்வி எளிமையானது: தீவு மக்களை இப்படிப் பார்க்கலாம் என்றால் இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளியை ஏன் பார்க்கக் கூடாது? 1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்ட் முடி துறந்தபோது, மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மக்களை யாரும் கேட்கவில்லை. அந்த எரிச்சலும் சேர்ந்துதான் கடிதம் பிறந்தது.

வேலை இரண்டு வழிகளில் நடந்தது. ஒன்று, நாடு முழுக்க இருந்த தன்னார்வலர்கள் ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி தங்கள் நாளை அப்படியே எழுதி அனுப்பினார்கள். இன்னொன்று, ஹாரிசனின் குழு போல்ட்டன் என்ற பருத்தி ஆலை நகரத்தில் வீடெடுத்துத் தங்கி, ஊரையே கவனித்தது. அவர்கள் அந்த ஊருக்கு வைத்த பெயர் 'ஒர்க்டவுன்'. மதுக்கடையில் ஒருவர் ஒரு கிளாஸ் பீரை எத்தனை நிமிஷத்தில் குடிக்கிறார் என்றுகூட கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் அவர்களின் தனிச் சரக்கு, காதில் விழுந்த பேச்சு. அடுத்த மேசையில், வரிசையில், டிராமில் பேசப்படுவதைச் சொன்னது சொன்னபடி தாளில் இறக்கிவிடுவார்கள்.

இங்கேதான் ஒரு நெருடல். பேசியவரின் பெயர் கவனிப்பவருக்குத் தெரியாது. அதனால் ஒரு குறியீடு வைத்துக்கொண்டார்கள். 'எஃப் 40 டி' என்றால் பெண், நாற்பது வயது, உழைக்கும் வர்க்கத்தின் கீழ்த்தட்டு. வயதையோ வர்க்கத்தையோ அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. முகச் சுருக்கம், கை, கோட்டின் துணி, பேச்சின் சாயல் இவற்றை ஒரு பார்வை பார்த்து முடிவு செய்ததுதான். யோசித்துப் பாருங்கள். மக்கள் உடம்பை எப்படி எடைபோடுகிறார்கள் என்று ஆராய வந்தவரின் முதல் வேலையே எதிரில் இருக்கும் உடம்பை எடைபோடுவது. அந்த நாற்பது அவளுக்குத் தெரிந்தால் என்ன சொல்லியிருப்பாள்? ஒருவேளை அவளுக்கு முப்பத்திரண்டு வயதாக இருக்கலாம். எட்டு வருஷத்தை ஆலை கூட்டியிருக்கலாம்.

இந்த ஒளிந்து பார்த்தலை அன்றே பலர் 'வேவு' என்று திட்டினார்கள். ஒர்க்டவுனில் கோட்டுக்குள் கேமராவை மறைத்து வைத்துப் படமெடுத்த ஹம்ஃப்ரி ஸ்பெண்டர், அந்த வேலையில் தனக்கிருந்த சங்கடத்தைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். 

ஆனால் இயக்கத்திற்குள்ளேயே இன்னொரு ஓடை ஓடிக்கொண்டிருந்தது. 1939-இல் இருந்து தன்னார்வலர்களுக்கு மாதாமாதம் கேள்வித்தாள் போனது. அந்த ஆண்டின் கேள்விகளில் உடையும் தோற்றமும் உண்டு. அடுத்தவர் தோற்றத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர்கள் இப்போது கண்ணாடி முன்னால் நின்று தங்களைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. போர் தொடங்கியதும் ஐந்நூறு பேர் அளவில் நாட்குறிப்பு எழுதி அனுப்பினார்கள். 1941 ஜூனில் துணிக்கு ரேஷன் வந்தது. 'அழகாக இருப்பதும் உங்கள் கடமை' என்று பெண்களுக்குப் பிரச்சாரம் வேறு. காலுறை கிடைக்காமல் காலில் சாயம் பூசிக்கொண்ட காலம் அது. அந்தக் காலத்து உடம்புப் பேச்சைப் பற்றி நமக்குத் தெரிவதில் கணிசமானது, தன் பெயரில் தன்னைப் பற்றி எழுதியவர்களால்தான். குறியீட்டுக்குள் அடங்காத மனிதர்கள் அந்தப் பக்கங்களில் இருக்கிறார்கள்.

1949-இல் மாஸ் அப்சர்வேஷன் சந்தை ஆய்வு நிறுவனமாகிவிட்டது. தாள்கள் 1970-இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போயின. 1981-இல் திட்டத்தை மறுபடி உயிர்ப்பித்தவர் அங்கே பேராசிரியராக இருந்த டேவிட் போகாக். இவர் குஜராத்தின் பட்டிதார்களை ஆராய்ந்த மானுடவியலாளர். மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடையே களப்பணி செய்த லூயி துய்மோனுடன் சேர்ந்து 1957-இல் இந்தியச் சமூகவியலுக்கென ஓர் இதழையும் தொடங்கியவர். நம் கிராமங்களைப் படித்த தலைமுறையில் ஒருவர், தன் ஊர்க்காரர்களைப் பார்த்து 'உங்களைப் பற்றி நீங்களே எழுதுங்கள்' என்று சொன்னார். இந்தப் புதிய திட்டத்தில் ஒட்டுக்கேட்டல் முக்கியமில்லை. எழுதுபவரின் பெயர் மறைக்கப்படும், குரல் மறைக்கப்படாது.

சரி, ஒட்டுக்கேட்டால் என்ன தப்பிப்போகும்? இதற்கு எனக்குக் கிடைத்த தெளிவான பதில் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கிறது. மானுடவியலாளர் மிமி நிக்டர் டூசான் நகரத்துப் பள்ளி மாணவிகள் இருநூறு பேருக்கு மேல் மூன்று வருஷம் தொடர்ந்து சந்தித்துப் பேசினார். 'நான் ரொம்ப குண்டு' என்று அந்தப் பிள்ளைகள் ஓயாமல் சொல்லிக்கொண்டார்கள். இதை ஓரமாக நின்று கேட்பவர் என்ன எழுதுவார்? உடம்பின் மேல் வெறுப்பு, பட்டினி கிடக்கிறார்கள் என்று எழுதுவார். நிக்டர் அவர்களிடமே கேட்டார். விஷயம் வேறாக இருந்தது. அந்த வாக்கியம் பல வேலை செய்தது. 'அய்யோ, இல்லப்பா' என்று தோழி சொல்வதற்கான அழைப்பு அது. இனிப்பை எடுப்பதற்கு முன் கேட்கும் மன்னிப்பு. நானும் உங்களில் ஒருத்திதான், என்னை நான் உசத்தியாக நினைக்கவில்லை என்ற அறிவிப்பு. டயட் பற்றிய பேச்சு இருந்த அளவுக்கு டயட் இல்லை. நிஜமாகவே பருமனாக இருந்த பிள்ளைகள் அந்த விளையாட்டில் பெரும்பாலும் சேரவில்லை. அவர்கள் சொன்னால் 'இல்லப்பா' என்று சொல்ல ஆளிருக்காது. நான்சி வுக்கோவிச்சுடன் சேர்ந்து இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1994-இல் வந்தது. புத்தகம் 2000-இல்.

பின்னர் கறுப்பினப் பெண்களிடம் பேசியபோது பேச்சின் வடிவமே மாறியது. இருப்பதை வைத்து எடுப்பாகத் தெரிவது எப்படி என்பதுதான் அங்கே பேச்சு. ஒரே நாடு, ஒரே வயது, ஆனால் உடம்பு என்ற சொல்லுக்குள் வேறு உலகம். கேட்காமல் இது தெரிந்திருக்காது.

நம் வீடுகளில் 'என்னடி இப்படி இளைச்சுட்டே?' என்று சித்தி கேட்பதையும், 'கொஞ்சம் சதை போட்டிருக்கே' என்று ஊரிலிருந்து வந்த மாமா சொல்வதையும் ஒரு ஒர்க்டவுன் ஆள் குறித்துக்கொண்டிருந்தால் வாக்கியம் சரியாகப் பதிந்திருக்கும். அதில் எவ்வளவு பாசம், எவ்வளவு குத்தல், கேட்டவள் அன்றிரவு ஒரு தோசை குறைத்தாளா என்பது பதிந்திருக்காது. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்தக் கூடத்தில் இருந்த இருவர் மட்டுமே. சொன்னவரும் கேட்டவரும் ஒரே மாதிரி சொல்லவும் மாட்டார்கள்.

1937-இன் மூவர் பாதியைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். புருவமும் அக்குளும் வரலாற்றில் இடம்பெற வேண்டியவை, அதை எழுத நிபுணர் பட்டம் வேண்டாம். மீதிப் பாதியைக் கற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின: பொதுமக்களை ஆய்வில் சேர்ப்பது என்றால் அடுத்தவர் பேச்சைக் குறிக்க ஆள் சேர்ப்பது மட்டும் போதாது, பேசியவரிடமே பேனாவைக் கொடுக்க வேண்டும். சசெக்ஸ் காப்பகம் 2010-லிருந்து ஒவ்வொரு மே 12-ஆம் தேதியும் யார் வேண்டுமானாலும் தங்கள் நாளை எழுதி அனுப்பலாம் என்று அழைக்கிறது. அந்தப் பக்கங்களில் எழுதுபவர் தன் வயதைத் தானே சொல்கிறார். நாற்பதா முப்பத்திரண்டா என்று இன்னொருவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை.