தாய்மாமன் வீட்டு விருந்தாளி

1936ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகத்துக்காக வெறுங்காலோடு இரண்டே ஆட்டங்கள் ஆடி அந்நாட்டு ஜனங்களை வாய்பிளக்க வைத்துவிட்டு, கல்கத்தாவின் நினைவு வாட்டவே கப்பலேறித் திரும்பிய முகமது சலீமின் சரிதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் நாம் பார்க்கப்போகிறவர் அதே கல்கத்தாவோடு சம்பந்தமுடையவர். ஆனால் அங்கே பிறந்தவருமல்லர், வளர்ந்தவருமல்லர். அவருக்குக் கல்கத்தா என்பது தாய் பிறந்த ஊர், அவ்வளவே. அந்த 'அவ்வளவே' என்ற சொல்லுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

அதற்கு முன் நான் குடியிருக்கும் ஊரைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். சொல்லாமலும் இருக்கலாம், ஆனால் இந்தக் கதையை எழுத என்னைத் தூண்டியதே இவ்வூரின் பெயர்தான். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றுப்பெயர் சூட்டப்பெற்ற நகரத்தில், ஷாதிபூர் என்று ஒரு பேட்டை. 'ஷாதி' என்றால் கல்யாணம். ஆகவே இது கல்யாணபுரம். 1858இல் ஆங்கிலேயர் இத்தீவுகளைத் தண்டனைக் குடியேற்றமாக்கிய பிறகு, நன்னடத்தை காட்டிய ஆண் கைதிகளுக்கும் பெண் கைதிகளுக்கும் சர்க்கார் அனுமதியோடு விவாகம் நடந்ததும், அப்படி மணந்துகொண்டவர்கள் சிறைக்கு வெளியே குடிசை கட்டிப் பிழைத்ததும் சரித்திரம். அவர்கள் குடும்பம் நடத்திய இடமாதலால் இப்பெயர் வந்தது என்று இங்குள்ள முதியோர் சொல்வர். வங்காளத்து மணமகனுக்குப் பஞ்சாபத்து மணமகள், ஒரு மதத்தவனுக்கு வேறொரு மதத்தவள் என்று எங்கெங்கோ பிறந்தவர்கள் இங்கே கைகோத்தார்கள். அவர்கள் பெற்ற மக்களுக்கு 'லோக்கல் பார்ன்' என்று பெயர் வந்தது. உன் ஊர் எது என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டால், தகப்பன் ஊரையும் சொல்லமாட்டார்கள், தாய் ஊரையும் சொல்லமாட்டார்கள். இந்தத் தீவையே சொல்வார்கள். அதே தீவுகளின் தென்பகுதியில், கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில், இலங்கையில் பிறந்து, 1964ஆம் வருஷத்து சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தத்தின் பயனாக இந்தியப் பிரஜைகளாகிக் கரையேறிய நம் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. இரண்டு நாட்டுப் பந்தம் என்பது இவ்விடத்தில் அபூர்வமான சங்கதியன்று. அடுத்த வீட்டுச் சமாசாரம்.

இனிக் கதாநாயகருக்கு வருவோம். பெயர் நீல் டெய்லர். 1989ஆம் வருஷம் பிப்ரவரி 7ஆம் தேதி, வேல்ஸ் நாட்டின் வடபகுதியில் செயின்ட் ஆசாஃப் என்ற சிற்றூரில் ஜனனம். தந்தை அந்நாட்டவர், தாய் கல்கத்தாவிலிருந்து வந்த வங்காளிப் பெண்மணி. பால்யத்தில் மான்செஸ்டர் சிட்டி கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் இருந்து, அங்கே தேறாமல் வெளியேற்றப்பட்டு, ரெக்ஸம் கழகத்தில் சேர்ந்து, 2007இல் பெரியவர்களின் அணியில் ஆடத் தொடங்கினார். தொடங்கிய மறு ஆண்டே அந்தப் பழம்பெரும் கழகம் ஆங்கில லீக் வரிசையைவிட்டே கீழே இறங்கியது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் தொழிலுக்கு வந்ததும் வராததுமாகக் கடையே தெருவுக்கு வந்துவிட்டால் எப்படியிருக்கும்! அவ்வளவிலும் ஆட்டத்தை விடாமல் ஆடியதன் பலனாக, 2010இல் சுவான்சீ சிட்டி கழகம் அவரை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு மே மாதத்தில் குரோஷியாவுக்கு எதிராக வேல்ஸ் தேசிய அணியிலும் முதன்முறையாக இறங்கினார்.

ஆடிய இடம் லெஃப்ட் பேக், அதாவது இடப்புறக் காவல். கால்பந்தில் இதைப்போல் புகழ் ஒட்டாத ஸ்தானம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். கோல் போட்டவனைத் தோளில் தூக்குகிறார்கள். கோல்கீப்பர் பாய்ந்து பிடித்தால் பத்திரிகையில் படம் வருகிறது. ஓரக்கோட்டோடு தொண்ணூறு நிமிஷமும் மேலும் கீழுமாக ஓடி, எதிரியின் விங்கரை ஒன்றும் செய்யவிடாமல் அடித்தவன் பெயர் அவன் தவறு செய்தாலொழிய யார் வாயிலும் வருவதில்லை. அணை உடைந்தால்தான் மடைக்காவலன் யாரென்று ஊர் கேட்கும். டெய்லருடைய ஜாதகத்தில் இந்தப் பொது விதியோடு விசேஷமான ஒரு கண்டமும் இருந்தது: பந்தி போடும் நாளிலெல்லாம் அவருக்கு இலை கிடைக்காமற் போவது.

2011 மே மாதம். வேல்ஸ் நாட்டுக் கழகம் எதுவும் அதுவரை எட்டாத பிரீமியர் லீக் வாசலில் சுவான்சீ நிற்கிறது. அரையிறுதியின் முதல் ஆட்டம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானத்தில். விசில் ஊதி முழுதாக ஒரு நிமிஷம் கடப்பதற்குள், காலை உயரத் தூக்கி எதிரியை மோதினார் என்று டெய்லருக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேராக மிச்சப் பொழுதைக் கழித்து, தோழர்கள் கோலின்றிச் சமன் செய்து வந்தார்கள். மறு ஆட்டத்தில் 3–1 என்று வென்றார்கள். மே 30ஆம் தேதி வெம்ப்ளியில் ரெடிங் அணியை 4–2 என்று தோற்கடித்துப் பிரீமியர் லீக்கில் புகுந்தார்கள். தடை விதிக்கப்பட்ட டெய்லர் அந்த இறுதி ஆட்டத்தில் இறங்கவில்லை. அடுத்த ஆண்டு, கிரேட் பிரிட்டன் என்ற ஒரே பெயரில் இங்கிலாந்துக்காரரும் வேல்ஸ்காரரும் கூடி ஆடிய லண்டன் ஒலிம்பிக்ஸ் அணியில் இடம்பெற்றார். கார்டிஃபில் தென்கொரியாவிடம் பெனால்டியில் தோற்று அந்தக் கூட்டு அணி கலைந்தது. ஒரு மாதம் போயிற்று. செப்டம்பர் முதல் தேதி, சண்டர்லாண்டுக்கு எதிரான ஆட்டத்தில் கணுக்கால் முறிந்து, ஸ்ட்ரெச்சரில் வெளியேறினார். அவர் காலை நீட்டிப் படுத்திருந்த அந்தப் பருவத்தில்தான் சுவான்சீ லீக் கோப்பையை, இறுதியில் பிராட்ஃபோர்டை 5–0 என்று நசுக்கி, வென்றது.

2016ஆம் வருஷம் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி பிரான்சு தேசத்தில் நடந்தது. 1958ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குப் பின் வேல்ஸ் அணி பெரும் போட்டி ஒன்றில் கால்வைத்தது அதுவே முதன்முறை. ஜூன் 20ஆம் தேதி துலூஸ் நகரில் ரஷ்யாவோடு ஆட்டம். நம் கடிகாரத்தில் நள்ளிரவு கடந்து 12.30 மணி. தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் எந்நேரமும் போகலாம் என்ற பயத்தோடு, தொலைக்காட்சியின் முன் நான் ஒருவனே விழித்திருந்தேன். வேல்ஸின் ராம்சே ஒரு கோல் போட்டார். 20ஆவது நிமிஷம், பெனால்டி பகுதியின் இடப்புறத்தில் பந்து உருண்டு வந்து டெய்லரின் காலடியில் நின்றது. எதிரே கோல்கீப்பர் அகின்ஃபீவ் மட்டும். உதைத்தார், அகின்ஃபீவ் தடுத்தார், தடுத்த பந்து, கடன்காரன் வட்டியோடு திரும்பியதுபோல, மீண்டும் அவரிடமே வந்தது, இம்முறை வலைக்குள் தள்ளினார். சுவான்சீக்காக அத்தனை பருவங்கள் ஆடியும் ஒரு கோலும் போடாத மனிதர்! எப்படிக் கொண்டாடுவது என்பதே மறந்தவர்போல அவர் ஓடியதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் உறங்கிக்கொண்டிருந்த வீட்டார் எழுந்து வந்து, நேரங்கெட்ட நேரத்தில் யார் ஜயித்தார்கள் என்று கேட்டார்கள். கல்கத்தாக்காரியின் மகன் என்று சொன்னேன். இந்தியாவா ஆடுகிறது என்றார்கள். அந்தக் கேள்விக்கு அன்றிரவு நான் சொன்ன பதில் போதுமானதாக இல்லை.

வேல்ஸ் அன்று 3–0 என்று வென்று, தன் பிரிவில் இங்கிலாந்தையும் பின்தள்ளி முதலிடம் பெற்று, கால் இறுதியில் பெல்ஜியத்தை வீழ்த்தி, அரையிறுதியில் போர்ச்சுகலிடம் தோற்றது. தேசிய அணிக்காக டெய்லர் ஆடிய ஆட்டங்கள் மொத்தம் 43. கோல் அந்த ஒன்றே.

புகழ் ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. 2017 மார்ச் 24ஆம் தேதி டப்ளினில் அயர்லாந்தோடு நடந்த ஆட்டத்தில், பந்தை நோக்கி அவர் வழுக்கி நீட்டிய கால், அயர்லாந்துத் தலைவர் ஷேமஸ் கோல்மனின் காலை இரண்டாக முறித்தது. ஐந்து ஆண்டுக்கு முன் தன் கணுக்கால் முறிந்து கிடந்தவர் அதே வேதனையைப் பிறனுக்கு உண்டாக்கியதை விதி என்பதா, அவசரம் என்பதா? அது அபாயகரமான தாக்குதல்தான். சிவப்பு அட்டை நியாயமானதே. ஆயினும் ஒரு நிமிஷத்துத் தவற்றைக்கொண்டு ஒரு மனிதனின் பத்தாண்டு உழைப்பை அளந்தவர்களோடு என்னால் சேர முடியவில்லை. அப்போது அவர் ஆஸ்டன் வில்லா கழகத்துக்கு மாறியிருந்தார். 2019 மே மாதம், டெர்பி அணியை 2–1 என்று வென்று வில்லா பிரீமியர் லீக்குக்குத் திரும்பிய இறுதி ஆட்டத்தில், எட்டாண்டுக்கு முன் தவறிப்போன அதே வெம்ப்ளிப் புல்தரையில், இடப்புறக் காவலில் நின்றவர் டெய்லர். அந்த ஒரு பந்தியிலாவது இலை போட்டார்கள். பிறகு மிடில்ஸ்பரோவில் சிறிது காலம், 2022இல் ஓய்வு.

இப்போது என் வீட்டார் கேட்ட கேள்விக்கு வரலாம். பெற்றோரில் ஒருவர் பிறந்த நாட்டுக்காக ஆட, உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அதற்கு அந்நாட்டுப் பிரஜையாக இருக்கவேண்டும். 1955ஆம் வருஷத்து நம் குடியுரிமைச் சட்டமோ, வேறொரு தேசத்தின் குடியுரிமையை விரும்பி ஏற்றவனுக்கு இந்தியக் குடியுரிமை அற்றுப்போகும் என்கிறது. புலம்பெயர்ந்தோரின் சந்ததிக்கு ஓ.சி.ஐ. அட்டை என்று ஒன்று உண்டு. அதை வைத்துக்கொண்டு இங்கே ஆயுள் முழுதும் தங்கலாம், வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம். வயல் வாங்கலாகாது, வாக்களிக்கலாகாது. 2008 முதல் மத்திய சர்க்காரின் விளையாட்டுத் துறை வகுத்த கொள்கைப்படி, தேசிய அணியின் சட்டை போடவும் கூடாது. நம் வழக்கில் சொன்னால், பெண் வயிற்றுப் பேரன் தாய்மாமன் வீட்டில் விருந்துண்ணலாம், திண்ணையில் படுக்கலாம்; பாகம் கேட்கலாகாது. டெய்லர் வேல்ஸைத் தேர்ந்தார் என்பது மெய். அது அவர் பிறந்த மண். அதில் யாருக்கும் வருத்தமிருக்க நியாயமில்லை. ஆனால் மறுபக்கத்துக் கதவு அவர் தட்டுவதற்கு முன்பே தாழிடப்பட்டிருந்தது என்பதும் மெய்.

அக்கம்பக்கத்தார் அப்படி இல்லை. பர்மிங்ஹாமில் பிறந்து ஃபுல்ஹாம் கழகத்துக்காக ஆடிய தடுப்பாட்டக்காரர் ஜெஷ் ரஹ்மான், பிரிட்டிஷ் கடவுச்சீட்டை விடாமலே 2005இல் பாகிஸ்தான் அணியில் சேர்ந்தார். ஜெர்மனியில் பிறந்த தடுப்பாட்டக்காரர் கிளாடியோ கம்மர்க்னெஷ்ட் இலங்கைக்காக ஆடுகிறார். வங்காளதேசத்துத் தாய்க்குப் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த ஹம்ஸா சௌத்ரி, 2025 மார்ச் 25ஆம் தேதி தம் தாய்நாட்டுக்காக முதன்முதல் இறங்கிய ஆட்டம் எங்கே நடந்தது தெரியுமா? நம் ஷில்லாங்கில், நம் அணிக்கு எதிராக. இருதரப்பும் கோல் போடவில்லை. பிரஜா உரிமையைப் பங்குபோடக்கூடாது என்று நம் அரசியலமைப்பை வகுத்தவர்கள் கருதியதற்குப் பிரிவினைக் காலத்துக் காரணங்கள் இருந்தன. அவற்றை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆனால் அதே பிரிவினையில் பிறந்த நாடுகள் வேறு முடிவுக்கு வந்திருப்பதையும் காணாதிருக்க முடியவில்லை.

இந்தத் தாழைத் திறந்தவர்கள் உண்டு. ஆனால் மறு வீட்டுச் சாவியைக் கடலில் எறிந்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். 2025இல் ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்து இந்தியரானார் ரயான் வில்லியம்ஸ். அவருடைய தாய் பம்பாயில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். அவருக்கும் பன்னிரண்டு வருஷம் முன்னதாக, குஜராத்தித் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த ஒருவர், ஜப்பானியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு, 2013இல் இந்தியச் சட்டை அணிந்தார். பெயர் அராத்தா இஸுமி. ஒன்பதே ஆட்டங்களுக்காக ஒரு தேசத்தைக் கொடுத்த அவர் கதை அடுத்த வாரம்.