ஹோண்டா சிவிக் எஞ்சின் மாற்றம்

ஹோண்டா சிவிக் எஞ்சின் மாற்றம் என்பது, பழைய சிவிக் வகைச் சிறு மகிழுந்துகளில் உள்ள டி-வரிசை எஞ்சினை அகற்றி, அதே நிறுவனத்தின் ஆற்றல் மிகுந்த பி-வரிசை எஞ்சினையும் அதற்கேற்ற கட்டுப்பாட்டுக் கணினியையும் பொருத்தும் பணி ஆகும். 1990களில் ஐக்கிய அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவில், இவ்வழக்கம் பரவியது. எஞ்சினைத் தூக்கி வைப்பது இதில் பாதிப் பணியே எனலாம். புதிய எஞ்சின் நீடித்து உழைக்குமா, வண்டி அரசின் புகைச் சோதனையில் தேறுமா என்னும் இரண்டையும் பெரும்பாலும் கணினியே தீர்மானிக்கிறது. இக்கட்டுரை முதன்மையாக 1992–95 ஆண்டுகளின் ஐந்தாம் தலைமுறை சிவிக்கைப் பற்றியது.

பின்னணி

இத்தலைமுறையின் அமெரிக்கப் பதிப்புகளில் மிக மலிவானது 70 குதிரைத்திறன் மட்டுமே கொண்டது. டிஎக்ஸ் வகை 102 குதிரைத்திறனும், விடெக் அமைப்புடைய டி16இசட்6 எஞ்சின் 125 குதிரைத்திறனும் தந்தன. வண்டியின் எடையோ ஏறத்தாழ 1,000 கிலோகிராம்தான். எனவே சற்றே பெரிய எஞ்சினும் இதில் பெரும் வேறுபாட்டை உண்டாக்கும்.

1989இல் ஜப்பானில் இன்டெக்ரா மகிழுந்தில் அறிமுகமான பி16ஏ, விடெக் அமைப்பைக் கொண்டு வந்த முதல் எஞ்சின் ஆகும். 1,595 கன செ.மீ. கொள்ளளவில், டர்போ இன்றி, நிமிடத்துக்கு 7,600 சுழற்சியில் 160 குதிரைத்திறன் தந்தது. குறைந்த வேகத்தில் இதன் வால்வுகளைச் சிறிய கேம்கள் இயக்குகின்றன. சுழற்சி 5,000ஐக் கடந்து குறித்த அளவை எட்டியதும், கணினி ஒரு சொலினாய்டைத் திறக்க, எண்ணெய் அழுத்தம் சிறு ஊசிகளைத் தள்ளி ராக்கர் கைகளை ஒன்றாகப் பூட்டுகிறது. அதன்பின் நடுவிலுள்ள பெரிய கேம் வால்வுகளை இயக்குகிறது. 1994இல் அமெரிக்காவில் வந்த இன்டெக்ரா ஜிஎஸ்-ஆர் இதே முறையில் 1,797 கன செ.மீ. எஞ்சினிலிருந்து 170 குதிரைத்திறன் பெற்றது.

பொருத்தும் முறை

ஐந்தாம் தலைமுறை சிவிக்கும் 1994–2001 இன்டெக்ராவும் அடிப்படையில் நெருங்கிய உறவுடையவை. ஆகவே இன்டெக்ராவின் எஞ்சின் தாங்கிகள், அச்சுத்தண்டுகள், கியர் இணைப்புத் தண்டுகள் ஆகியவற்றைக் கொண்டே, வெல்டிங் ஏதுமின்றி, பி-வரிசையைப் பொருத்திவிட இயலும். சிவிக்கிலிருந்து உருவான டெல் சோல் வண்டியில் ஹோண்டாவே பி16 எஞ்சினைப் பொருத்தி விற்றது இதற்குத் தக்க சான்று. 1988–91 சிவிக்கின் கிளட்ச் கம்பிவடத்தால் இயங்குவது; 1992க்குப் பிந்தியது நீர்ம அழுத்தத்தால் இயங்குவது. எனவே பழைய வண்டியில் பிற்கால கியர்பெட்டியை இணைப்பதற்குக் கூடுதல் மாற்றங்கள் வேண்டும்.

நிறுத்தியை (பிரேக்) மறந்துவிடுவோர் பலர். 70 குதிரைத்திறனுக்கென அமைந்த நிறுத்தி 170 குதிரைத்திறனுக்குப் போதாது. பி-வரிசையுடன் வந்த வண்டிகளின் பெரிய முன் தட்டுகளையும் சேர்த்தே வாங்குவது நன்று.

கட்டுப்பாட்டுக் கணினி

இக்கணினி காற்று உள்ளேறும் குழாயின் அழுத்தத்தையும் எஞ்சினின் சுழற்சியையும் அளந்து, நினைவகத்திலுள்ள அட்டவணையில் அவ்விரண்டும் சந்திக்கும் கட்டத்தைப் பார்க்கிறது. எவ்வளவு நேரம் எரிபொருள் தெளிப்பது, எப்போது பொறி கொளுத்துவது என்பவற்றை அக்கட்டமே சொல்கிறது. விடெக் எஞ்சினுக்குச் சிறிய கேமுக்கு ஒன்றும் பெரிய கேமுக்கு ஒன்றுமாகத் தனித்தனி அட்டவணைகள் உண்டு. அட்டவணை வேறொரு எஞ்சினுக்கு எழுதப்பட்டதாயின், எஞ்சின் ஓடும். ஆனால் உயர் சுழற்சியில் எரிபொருள் குறைந்தாலோ பொறி முந்தினாலோ பிஸ்டன் உருகும் நிலைகூட ஏற்படலாம்.

முதலில் கம்பிகள் சரியாக வேண்டும். விடெக் இல்லாத சிவிக்கில் அதற்கான கம்பிகளும் இல்லை. 1992–95 கணினி இணைப்பியில் ஏ4 முனைக்கு விடெக் சொலினாய்டும், டி6 முனைக்கு எண்ணெய் அழுத்த உணரியும், டி3 முனைக்குத் தட்டொலி உணரியும் இணைக்கப்பட வேண்டும். இணைப்பு தவறினால் எச்சரிக்கை விளக்கு முறையே 21, 22, 23 என்னும் பிழை எண்களைச் சிமிட்டிக் காட்டும். குறைந்த மின்தடை கொண்ட இன்ஜெக்டர்களாயின் தொடரில் தடைப்பெட்டி இன்றியமையாதது; இல்லையேல் கணினியின் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் எரிந்துபோகும்.

அடுத்து, பொறி நேரம். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பி அடிப்படை நேரத்தை அமைக்கும்போது, முதலில் பராமரிப்பு இணைப்பியைக் குறுக்கிணைப்புச் செய்து கணினியின் தலையீட்டை நிறுத்த வேண்டும். பி16 எஞ்சினுக்கு இது மேல் முடக்கப் புள்ளிக்கு 16 பாகை முன்னதாகும். இவ்வளவில் பிழை இருந்தால், அட்டவணையிலுள்ள எல்லா எண்களும் அதே அளவு பிழையாகிவிடும்.

நினைவகத்தை மாற்றுதல்

விடெக் சிவிக்கின் சொந்தக் கணினியையே புதிய எஞ்சினுக்கு ஏற்ப மாற்றுவதும் உண்டு. அதன் நுண்கட்டுப்படுத்தி ஓக்கி நிறுவனத்துடையது. நிரல் அதன் உள்ளேயே பதிக்கப்பட்டுள்ளது. ஆயினும் மின்சுற்றுப் பலகையில் வெளி நினைவகத்துக்கான இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அங்கே 28 கால் தாங்கி, 74எச்சி373 என்னும் தாழ்ச் சில்லு, சில மின்தேக்கிகள் ஆகியவற்றைப் பற்றவைத்து, ஜே1 எனக் குறிக்கப்பட்ட இடத்தில் ஒரு கம்பியை இணைத்தால், நுண்கட்டுப்படுத்தி வெளியிலுள்ள 27சி256 சில்லிலிருந்து நிரலைப் படிக்கத் தொடங்கும். அச்சில்லின் கொள்ளளவு 32 கிலோபைட்டுகள்; இக்கட்டுரையைப் போன்ற இரண்டை யுனிகோடில் சேமித்தால் ஏறத்தாழ நிரம்பிவிடும்.

2000களின் தொடக்கத்தில் ஆர்வலர்கள் இந்நிரலைப் பிரித்தறிந்து, அட்டவணைகளைத் திருத்த உபெர்டேட்டா, குரோம் போன்ற மென்பொருள்களை உருவாக்கினர். ஆயினும் பிறர் வண்டிக்கெனச் செய்த கோப்பை அப்படியே ஏற்றுவது தீங்கானது. புகைபோக்கியில் அகல்வீச்சு ஆக்சிசன் உணரியைப் பொருத்தி, காற்று–எரிபொருள் விகிதத்தைப் பார்த்துக்கொண்டே திருத்துவதே பாதுகாப்பான வழி.

கே-வரிசை

2001இல் வந்த கே-வரிசை எஞ்சின்கள் பி-வரிசைக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றன. கியர்பெட்டி மறுபக்கம் அமைவதால் தனித் தாங்கிகள் தேவை. அவற்றின் கணினி சாவியிலுள்ள சில்லை அறிந்த பின்னரே எஞ்சினை இயங்க விடும். எனவே அப்பூட்டை நீக்கிய அல்லது நிரலை மாற்றத்தக்க கணினியைப் பயன்படுத்துகின்றனர்.

சட்ட நிலை

கலிபோர்னியாவில் மாற்றப்படும் எஞ்சின், வண்டியின் ஆண்டையோ அதற்குப் பிந்திய ஆண்டையோ சார்ந்ததாகவும், அந்த எஞ்சினுக்குரிய புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தையும் கொண்டதாகவும் இருத்தல் வேண்டும். நடுவர் நிலையத்தில் சோதித்து ஒப்புதல் ஒட்டி பெற வேண்டும். 1996 முதல் ஓபிடி-2 தற்கண்டறி முறை அமெரிக்காவில் கட்டாயமானதால், ஆறாம் தலைமுறை சிவிக்கில் பழைய ஓபிடி-1 கணினியை மாற்றிணைப்பியின் உதவியால் செருகினால் வண்டி நன்றாக ஓடினாலும் சோதனையில் தேறாது. சோதனைக் கருவி கேட்கும் விடையைத் தர அக்கணினிக்குத் தெரியாது.

எஞ்சின்களுக்கான தேவை வண்டித் திருட்டையும் தூண்டியது. சிவிக், இன்டெக்ரா ஆகியவை அமெரிக்கத் திருட்டுப் பட்டியல்களில் பல ஆண்டுகள் முன்னிடங்களில் இருந்தன. வாங்கும் முன் எஞ்சின் எண்ணையும் விற்பனை ஆவணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். எண் சுரண்டப்பட்ட எஞ்சினை நடுவர் நிலையத்துக்கும் கொண்டுசெல்ல இயலாது.