ஈரங்கடத்தாச் செலோபேனும் ‘வெளிப்படைத் தன்மை’ பற்றிய வினாவும்

ஆக்கவுரிமையின் வரலாற்றை எழுதுவோர் கண்டுபிடித்தவரின் மேதைமையையே பெரிதும் பேசுவர். ஆயின் அச்சட்டத்தின் உயிர்நிலை வேறொரு வினாவில் தங்கியுள்ளது. ஒரு துறையிற் சாதாரண தேர்ச்சி பெற்ற ஒருவருக்கு அப்புத்தாக்கம் வெளிப்படையாகத் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்குமாயின் அது பொதுவறிவு. இல்லையேல் குறித்த காலத்துக்குத் தனியுடைமை. இவ்வெல்லைக்கோடு எவ்வாறு வரையப்படுகின்றது என்பதை, உணவு பொதியும் படலமாகிய செலோபேனின் வரலாற்றைக்கொண்டு நாம் நோக்கலாம்.

சுவிற்சர்லாந்து இரசாயனவியலாளர் பிரண்டன்பேகர் உருவாக்கிய செலோபேனை, டு பொன்ட் நிறுவனம் 1924 இல் ஐக்கிய அமெரிக்காவில் உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. அது எண்ணெய்ப்பசையைத் தடுத்தது, நீராவியைத் தடுக்கவில்லை. எனவே பொதிந்த பண்டம் உலர்ந்துபோயிற்று. 1927 இல் அந்நிறுவனத்தின் ஆய்வாளர் வில்லியம் ஹேல் சார்ச் இக்குறையை நீக்கினார். நைத்திரோசெலுலோசு, மெழுகு, இளக்கி, கலப்புக்கு உதவும் பிசின் ஆகியன சேர்ந்த மிக மெல்லிய பூச்சே அதன் வழி. சார்ச், பிரிண்டில் ஆகியோரின் ஆக்கவுரிமை 1929 இல் வழங்கப்பட்டது.

இப்பூச்சு வெளிப்படையானதா? மெழுகு ஈரத்தைத் தடுக்குமென்பது மெழுகுதாள் செய்தோர் அனைவரும் அறிந்ததே. ஏனைய கூறுகளும் புதியனவல்ல. எனினும், ஈரத்தைத் தடுக்கவேண்டிய அப்பூச்சு படலத்தின் தெளிவையும் வளைவுத்தன்மையையும் கெடுத்தலாகாது. அக்கலவையை அடைய 2,000 க்கு மேற்பட்ட சோதனைகள் வேண்டியிருந்தன என்பர். விடை தெரிந்தபின் வழி குறுகியதாகவே தோன்றும். இப்பின்னோக்கு மயக்கமே இவ்வினாவின் முதன்மையான இடர்ப்பாடு.

நீதிமன்றங்களின் அளவுகோலும் காலந்தோறும் மாறியது. 1851 இல், களிமண் கதவுக்குமிழ் பற்றிய ஹொச்கிஸ் வழக்கில், சாதாரண கைவினைஞரின் திறன் அளவாகக் கொள்ளப்பட்டது. 1941 இல் மேதைமையின் திடீர் ஒளி வேண்டப்பட்டது. ஆய்வுகூடத்தின் கூட்டுழைப்புக்கு அவ்வளவுகோல் பொருந்தவில்லை. ஆகவே 1952 ஆம் ஆண்டுச் சட்டம், கண்டுபிடித்த முறை உரிமையைப் பாதிக்காது என விதித்தது. முன்னறிவு, அதனின்று வேறுபாடு, துறைத்தேர்ச்சியின் தரம் என்பவற்றை ஆராயுமாறு 1966 இன் கிரஹாம் தீர்ப்புப் பணித்தது. எதிர்வுகூறத்தக்க வழிகள் சிலவே இருப்பின் அவற்றை முயன்று பெற்றது வெளிப்படையானதாகலாம் என 2007 இன் கே.எஸ்.ஆர். தீர்ப்புக் கூறிற்று. இவ்வளவுகோலின்படி, வழிகள் பலவாயும் விளைவு முன்கூட்டி அறியவியலாததாயும் இருந்த சார்ச்சின் பூச்சு வெளிப்படையானதன்று என்பதே எமது கருத்து.

ஆயின் வரலாற்றில் இதனை முடிவுசெய்தது இத்தகைய ஆராய்ச்சியன்று. போட்டி நிறுவனமாகிய சில்வேனியாவுடன் எழுந்த பிணக்கு 1933 இல் உடன்பாடாக முடிந்தது. சில்வேனியா நூற்றுக்கு 2 வீத உரிமைக்கட்டணம் செலுத்த இசைந்தது. அதன் விற்பனைப் பங்குக்கும் வரம்பிடப்பட்டது. 1956 இல் ஏகபோக வழக்கை விசாரித்த உயர் நீதிமன்றமோ, செலோபேன் ஏனைய பொதிபொருள்களுடன் போட்டியிடுகின்றது எனக்கூறி டு பொன்டை விடுவித்தது.

உரிமை தகுதியானதாயினும், அதன் எல்லையை வகுத்தவர்கள் இரு முதலாளித்துவ நிறுவனத்தினரே. செலோபேனிற் பொதிந்த உணவை வாங்கிய மக்கள் அப்பேச்சில் இடம்பெறவில்லை. வெளிப்படைத் தன்மை பற்றிய வினா பகிரங்கமாக ஆராயப்படவேண்டும் என நாம் வற்புறுத்துவது இதனாலேயாம்.