75 சென்ட் உதைத்த கணக்கு

1986 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கணினிக் கணக்கு 75 சென்ட் உதைத்தது. கணினியில் வேலை செய்த நேரத்துக்குக் கட்டணம் வசூலித்த காலம் அது. யாரோ சில நொடிகளுக்குப் பணம் கட்டவில்லை. வானியல் ஆய்வுக்கான நிதி தீர்ந்ததால் கணினிப் பிரிவுக்கு வந்திருந்த கிளிஃபோர்ட் ஸ்டோலிடம் அந்தச் சில்லறை வேலை ஒப்படைக்கப்பட்டது. கைக்காசு முக்கால் டாலரைப் போட்டு நேர் செய்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் தோண்டினார். பில் அனுப்ப முகவரியே இல்லாத 'ஹன்டர்' என்ற பயனர் பெயர் அகப்பட்டது.

திருட்டுத்தனமாக உள்ளே வந்தவனை விரட்டாமல் வேடிக்கை பார்ப்பது என்று முடிவாயிற்று. ஆனால் எப்படிப் பார்ப்பது? அதே கணினியில் பதிவு செய்தால் அவன் கண்ணில் பட்டுவிடும், அழித்தும்விடுவான். ஒரு வார இறுதியில் ஸ்டோல் சக ஊழியர்களின் மேசைகளிலிருந்து பிரின்டர்களையும் டெர்மினல்களையும் அள்ளிவந்து, உள்ளே வரும் சுமார் 50 தொலைபேசி இணைப்புகளிலும் மாட்டினார். அவற்றுக்கு நடுவே தரையில் படுத்துத் தூங்கினார். விடிந்தபோது ஒரு பிரின்டரில் நீளமாகக் காகிதம் தொங்கியது. திருடன் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் அதில் இருந்தது. திருடன் கை எட்டாத இடத்தில் சாட்சியை வைக்க வேண்டும் என்ற அந்த யோசனைதான் லாக் பதிவுகளைத் தனி சர்வருக்கு அனுப்பும் இன்றைய வழக்கத்தின் சாரம்.

கண்டுபிடித்ததைவிடப் பெரிய பாடு, கேட்க ஆள் பிடிப்பது. எஃப்.பி.ஐ.யிடம் போனார். நஷ்டம் எவ்வளவு என்றார்கள். 75 சென்ட்! ஆர்வம் அதோடு போயிற்று. திருடனோ சுமார் 450 கணினிகளின் கதவைத் தட்டி, முப்பதுக்கு மேற்பட்டவற்றில் நுழைந்திருந்தான். அவற்றில் ராணுவக் கணினிகளும் இருந்தன. கடைசியில் ஸ்டோல் போலி ராணுவக் கோப்புகளைப் பரப்பி அவனை இணைப்பிலேயே நெடுநேரம் தங்கவைத்தார். தடம் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் மார்க்குஸ் ஹெஸ் வீட்டில் போய் நின்றது. சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்றதற்காக 1990இல் அவருக்குத் தண்டனை கிடைத்தது.

கட்டணத்துக்காகவும் தணிக்கைக்காகவும் சேரும் பதிவுகளிலேயே திருட்டின் தடம் கிடக்கும் என்று கணினிப் பாதுகாப்பு நிபுணர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1980லேயே அறிக்கை எழுதியிருந்தார். ஒருவரின் வழக்கமான நடமாட்டத்தைக் கணித்து, விலகலைக் கணினியே பிடிக்கும் முறையை டோரதி டென்னிங் 1987இல் வெளியிட்டார். 1995இல், ஸ்டோல் தரையில் தூங்கிய அதே ஆய்வுக்கூடத்தில், வெர்ன் பாக்ஸன் 'ப்ரோ' என்ற கண்காணிப்பு மென்பொருளைத் தொடங்கினார். ஆர்வெல்லின் நாவலில் எல்லாரையும் கண்காணிக்கும் 'பிக் பிரதர்' தந்த பெயர் அது. கண்காணிப்பவர் அந்தரங்கத்தையும் மறக்கக் கூடாது என்ற நினைவூட்டல். இன்று அதன் பெயர் 'ஸீக்'.

பிரின்டர்கள் போய்த் திரைகள் வந்தன. பெருநிறுவனங்களுக்காக இரவும் பகலும் ஷிஃப்ட் போட்டு அலர்ட் பார்க்கும் 'சாக்' (SOC) எனும் பாதுகாப்புக் கண்காணிப்பு அறைகள் முளைத்தன. பெரும்பாலான அலர்ட்கள் வெறும் பொய்மணி. முதல் நிலையிலுள்ள எல்1 ஊழியர் தள்ளிவிடுவது போக மிஞ்சியது, அனுபவம் முதிர்ந்த எல்3 பொறியாளரின் மேசைக்கு வரும். எதற்காக நள்ளிரவில் வாடிக்கையாளரை எழுப்புவது என்ற தீர்ப்பு அங்கேதான். இந்தத் தொழிலின் கனம் முழுவதும் அந்த ஒரு தொலைபேசி அழைப்பில் இருக்கிறது.

அமெரிக்காவின் 'டார்கெட்' அங்காடி நிறுவனத்தின் கணினிகளை 2013இல் பெங்களூரிலிருந்த ஒரு குழு கண்காணித்தது. நவம்பர் 30 அன்று அலர்ட் வந்தது. குழு மினியாபொலிஸ் தலைமையகத்துக்கு உடனே தெரிவித்தது என்றும், அப்போது வாடிக்கையாளர்களின் கார்டு விவரங்கள் வெளியே போகத் தொடங்கவே இல்லை என்றும் பின்னர் பத்திரிகைச் செய்திகள் வந்தன. பெங்களூர் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. மினியாபொலிஸில் யாரும் அசையவில்லை. சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் பறிபோனது. டிசம்பர் 12 அன்று அமெரிக்க நீதித்துறை வந்து சொன்ன பிறகே நிறுவனம் விழித்தது. பெங்களூரின் எச்சரிக்கைக்கும் அதற்கும் நடுவே 12 நாள்.